செய்தியைச் சுருக்கி எழுத மாணவர்களைப் பழக்குவது எப்படி?

ஒரு நாளிதழ்ச் செய்தியைக் கொடுத்து "இதை ஒரு பத்தியில் சுருக்கி எழுதுங்கள்" என்று சொன்னால், எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் பெரும்பாலான மாணவர்கள் ஒரே வேலையைத்தான் செய்வார்கள். முதல் வாக்கியத்தை அப்படியே எழுதுவார்கள். நடுவிலிருந்து கண்ணில் பட்ட இரண்டு வாக்கியங்களை எடுப்பார்கள். கடைசியில் "எனவே நாமும்..." என்று தொடங்கி ஓர் அறிவுரையைச் சேர்ப்பார்கள். அவர்களுக்குச் செய்தி புரியவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் சரியாகவே சொல்லிவிடுவார்கள். அச்சிட்ட வாக்கியம் கண்முன் திறந்திருக்கும்வரை சொந்த வாக்கியம் வராது, அவ்வளவுதான்.

ஆகவே இங்கே சொல்லும் முறையின் மையம் ஒன்றுதான்: படித்து, குறிப்பெடுத்து, தாளைக் கவிழ்த்துவிட்டு, பேச்சுத் தமிழில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி, அதன்பிறகே எழுத வேண்டும். முதல் முறை இதற்கு 40 நிமிடப் பாடவேளைகள் இரண்டு தேவை. பழகிய பிறகு ஒன்றே போதும்.

எந்தச் செய்தியை எடுப்பது

150 முதல் 250 சொல் வரை உள்ள, ஒரே நிகழ்வைச் சொல்லும் செய்தி வேண்டும். மழை, விபத்து, விளையாட்டு முடிவு, ஒரு கட்டடத் திறப்பு, ஒரு கண்டுபிடிப்பு இவையெல்லாம் தொடக்கத்துக்கு ஏற்றவை. தலையங்கம், நேர்காணல், நடுப்பக்கக் கட்டுரை ஆகியவற்றை முதல் மாதத்தில் தொட வேண்டாம். அவற்றில் நிகழ்வைவிட வாதமே முதன்மை. வாதத்தைச் சுருக்குவது வேறு பயிற்சி. நீதிமன்றத் தீர்ப்புச் செய்திகளும் கடினம்தான். மனுதாரர் சொன்னது, அரசுத் தரப்பு சொன்னது, நீதிபதி சொன்னது மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கும்.

செய்தியை ஒருவருக்கு ஒன்றாக நகலெடுத்துக் கொடுங்கள். இரண்டு பேருக்கு ஒரு தாள் என்றால் ஒருவர்தான் கோடிடுவார், மற்றவர் பார்த்துக்கொண்டிருப்பார். நகலெடுக்க வசதியில்லை என்றால் கரும்பலகையில் எழுதி, எழுதும் நேரம் வந்ததும் அழித்துவிடலாம். சொல்லப்போனால் அது இன்னும் நல்லது.

முதன்மைச் செய்தி எங்கே ஒளிந்திருக்கிறது

செய்தியின் சாரம் முதல் பத்தியிலேயே இருக்கும், கீழே போகப்போக முக்கியம் குறையும் என்று இதழியல் பாடம் சொல்லும். தேசியச் செய்திகளுக்கும் விளையாட்டுச் செய்திகளுக்கும் இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் தமிழ் நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களை எடுத்துப் பாருங்கள். அங்கே செய்தி கதைபோல நடந்த வரிசையில் வரும். இப்படி:

"அப்பகுதியில் கடந்த பத்து நாள்களாகக் குடிநீர் விநியோகம் செய்யப்படவில்லை எனக் கூறப்படுகிறது. இதுகுறித்து அதிகாரிகளிடம் பலமுறை மனு அளித்தும் நடவடிக்கை இல்லையாம். இந்நிலையில், நேற்று காலை பொதுமக்கள் காலிக் குடங்களுடன் சாலை மறியலில் ஈடுபட்டனர். போலீஸார் பேச்சுவார்த்தை நடத்தியதையடுத்து அனைவரும் கலைந்துசென்றனர்."

இங்கே முதல் வாக்கியம் பின்னணிதான். செய்தி "இந்நிலையில்" என்ற சொல்லுக்குப் பிறகு வருகிறது. முதல் பத்தியை மட்டும் நம்பப் பழகிய மாணவர், "ஓர் ஊரில் பத்து நாள்களாகத் தண்ணீர் வரவில்லை" என்று எழுதிவிட்டு மறியலை விட்டுவிடுவார். ஆகவே செய்தி மொழியின் வழிகாட்டிச் சொற்களை முதலில் கற்றுக்கொடுங்கள். இதைத் தனியாக ஒரு பாடமாகவே எடுக்கலாம். அத்தனை பயன் இருக்கிறது.

"இந்நிலையில்" வந்தால் அடுத்து வருவதே புதிய செய்தி என்று எதிர்பார்க்கலாம். "முன்னதாக" வந்தால் பழைய நிகழ்வு, இடமிருந்தால் சேர்க்கலாம். "இதனிடையே" வந்தால் பக்கத்தில் நடக்கும் வேறொரு செய்தி, பெரும்பாலும் விட்டுவிடலாம். "இதுகுறித்து அவர் கூறியதாவது" வந்தால் அதற்குக் கீழே உள்ள எல்லாமே அவருடைய கருத்து. அடுத்த பத்தியின் தொடக்கத்தில் மேற்கோள் குறி இல்லாவிட்டாலும் அப்படித்தான். "நிகழ்ச்சியில் ... உள்ளிட்டோர் கலந்துகொண்டனர்" என்ற கடைசிப் பத்தியைத் தயங்காமல் அடித்துவிடலாம். தாளில் இந்தச் சொற்களை மட்டும் வட்டமிடும் பயிற்சியை மூன்று செய்திகளில் செய்தாலே மாணவர்களின் வாசிப்பு மாறுவதைக் காணலாம்.

மாதிரிச் செய்தி

கீழே உள்ளது வகுப்புக்காக, நாளிதழ் நடையில் எழுதியது. ஏறத்தாழ 140 சொற்கள்.

"சிங்கப்பூர், டிச. 12: உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் நடப்பு சாம்பியனான சீனாவின் டிங் லிரனை வீழ்த்தி, இந்திய வீரர் டி.குகேஷ் பட்டம் வென்றார்.

14 ஆட்டங்கள் கொண்ட இப்போட்டி கடந்த நவ. 25-ஆம் தேதி தொடங்கியது. முதல் ஆட்டத்தில் டிங் லிரனும், 3-ஆவது ஆட்டத்தில் குகேஷும் வெற்றி பெற்றனர். 11-ஆவது ஆட்டத்தைக் குகேஷும், 12-ஆவது ஆட்டத்தை டிங் லிரனும் கைப்பற்றினர். மற்ற ஆட்டங்கள் டிராவில் முடிந்தன. 13 ஆட்டங்களின் முடிவில் இருவரும் தலா 6.5 புள்ளிகளுடன் சமநிலையில் இருந்தனர்.

இந்நிலையில், கடைசி ஆட்டம் வியாழக்கிழமை நடைபெற்றது. கறுப்புக் காய்களுடன் விளையாடிய குகேஷ், ஆட்டம் டிராவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த வேளையில், 55-ஆவது நகர்த்தலில் டிங் லிரன் செய்த தவறைப் பயன்படுத்திக்கொண்டு 58-ஆவது நகர்த்தலில் வெற்றி பெற்றார். இதன்மூலம் 7.5–6.5 என்ற புள்ளிக்கணக்கில் பட்டம் அவர் வசமானது.

சென்னையைச் சேர்ந்த குகேஷுக்கு 18 வயது. 1985-இல் 22 வயதில் பட்டம் வென்ற கேரி காஸ்பரோவின் சாதனையை முறியடித்து, பிளவுபடாத உலகப் பட்டத்தை மிக இளம் வயதில் வென்றவர் என்ற பெருமையை அவர் பெற்றார். விஸ்வநாதன் ஆனந்துக்குப் பிறகு இப்பட்டத்தை வென்ற இரண்டாவது இந்தியரும் அவரே. முன்னதாக, கடந்த ஏப்ரலில் கனடாவின் டொரன்டோ நகரில் நடைபெற்ற கேண்டிடேட்ஸ் போட்டியில் வென்று அவர் இதற்குத் தகுதி பெற்றார்."

முதல் பாடவேளை: படிப்பதும் குறிப்பெடுப்பதும்

முதல் வாசிப்பில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் படிக்கச் சொல்லுங்கள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இன்றைக்கு இது ஏன் பத்திரிகையில் வந்திருக்கிறது?" பதில் ஒரு வாக்கியத்தில் வர வேண்டும். "செஸ் பற்றிய செய்தி" என்பது பதில் ஆகாது. அது தலைப்புப் பொருள் மட்டுமே. "குகேஷ் உலக சாம்பியன் ஆகிவிட்டார்" என்பதே பதில். இந்த வாக்கியம் சரியாக வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். இங்கே தவறினால் பின்னால் எவ்வளவு திருத்தினாலும் சரியாகாது.

இரண்டாவது வாசிப்பில் பென்சில். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்விகளையும் அரைப் பக்கத் தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் நான்கு சொல்லுக்கு மேல் போகாமல் குறிப்பெடுக்க வேண்டும். நான்கு சொல் என்ற வரம்பை விட்டுக்கொடுக்காதீர்கள். ஐந்தாறு சொல்லுக்கு இடம் கொடுத்தால் வினைமுற்று உள்ளே வந்துவிடும். வினைமுற்று வந்தால் அது குறிப்பு அல்ல, படியெடுத்த வாக்கியம். மேலே உள்ள செய்திக்குக் குறிப்பு இப்படி இருக்கும்: யார் – குகேஷ் (18), டிங் லிரன். என்ன – உலக செஸ் பட்டம், 7.5–6.5. எப்போது – 2024 டிச. 12. எங்கே – சிங்கப்பூர். எப்படி – கடைசி ஆட்டம், டிங் பிழை. ஏன் முக்கியம் – இளையவர் (பிளவுபடாத), 2-ஆவது இந்தியர்.

செய்தியில் பதில் இல்லாத கேள்விக்கு எதிரே கோடு போட்டு விட்டுவிட வேண்டும். ஆறும் நிரம்ப வேண்டும் என்ற பதற்றத்தில் மாணவர்கள் காரணத்தைத் தாங்களே கற்பனை செய்து எழுதுவது அடிக்கடி நடக்கும். விபத்துச் செய்தியில் "ஏன்" என்ற கேள்விக்கு "வேகமாக ஓட்டியதால்" என்று எழுதியிருப்பார்கள்; செய்தியிலோ போலீஸார் விசாரித்துவருவதாக மட்டுமே இருக்கும்.

"நேற்று", "வியாழக்கிழமை", "கடந்த ஏப்ரலில்" போன்றவற்றைக் குறிப்பெடுக்கும்போதே தேதியாக மாற்றிவிட வேண்டும். நாளிதழில் "நேற்று" என்பதற்கு அன்றைய இதழின் தேதி துணை நிற்கிறது. மாணவரின் நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

தாளைக் கவிழ்த்துச் சொல்வது

இப்போது செய்தித் தாள் மேசைமீது கவிழ வேண்டும். அரைப் பக்கக் குறிப்பு மட்டும் கையில். பக்கத்தில் இருப்பவரிடம் அரை நிமிடத்தில், வீட்டில் பேசும் தமிழில் செய்தியைச் சொல்ல வேண்டும். "குகேஷ் இருக்காருல்ல, அவரு சிங்கப்பூர்ல நடந்த போட்டியில ஜெயிச்சு உலக சாம்பியன் ஆயிட்டாரு. கடைசி ஆட்டம் வரைக்கும் சமமாத்தான் இருந்தாங்க. கடைசியில சீனாக்காரரு ஒரு தப்பு பண்ணிட்டாரு. பதினெட்டு வயசுதான், பிளவுபடாத பட்டத்த இவ்ளோ சின்ன வயசுல யாரும் ஜெயிச்சதில்ல."

எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள இடைவெளி இந்த இடத்தில் ஆசிரியருக்குப் பெரிய துணை. "பட்டம் அவர் வசமானது", "பெருமையை அவர் பெற்றார்" போன்ற அச்சுத் தொடர்கள் பேச்சில் வாயில் நுழையாது. ஆகவே படியெடுக்க வழியே இல்லாமல் போகிறது. வகுப்பில் சத்தம் வரும்; ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பவருக்கும் ஒரு வேலை உண்டு: புரியாத இடத்தில் "யாரு?", "எப்போ?" என்று குறுக்கிட வேண்டும். அந்தக் குறுக்குக் கேள்வி எழும் இடமே எழுத்தில் விடுபடப்போகும் இடம்.

இரண்டாவது பாடவேளை: எழுதுவது

சொன்னதை எழுத்துத் தமிழில் எழுத 12 நிமிடம். நான்கு முதல் ஆறு வாக்கியம், 50 முதல் 60 சொல், ஒரே பத்தி. முதல் வாக்கியத்தில் யார், என்ன, எங்கே மூன்றும் வந்துவிட வேண்டும். எழுதி முடித்த பிறகுதான் செய்தித் தாளைத் திருப்பலாம், அதுவும் பெயர், எண், தேதி சரிபார்க்க மட்டும்.

தாளைக் கவிழ்க்காமல் எழுதினால் வழக்கமாக வருவது இதுதான்:

"உலக செஸ் போட்டியில் டிங் லிரனை வீழ்த்தி குகேஷ் பட்டம் வென்றார். முதல் ஆட்டத்தில் டிங் லிரனும், 3-ஆவது ஆட்டத்தில் குகேஷும் வெற்றி பெற்றனர். கடைசி ஆட்டம் வியாழக்கிழமை நடைபெற்றது. அவர் தவறு செய்ததால் அவர் வெற்றி பெற்றார். உலகிலேயே மிக இளைய சாம்பியன் குகேஷ். நாமும் அவரைப்போல் விடாமுயற்சியுடன் உழைத்தால் வெற்றி பெறலாம்."

இதில் ஐந்து குறைகள் இருக்கின்றன. ஆட்டம் ஆட்டமாகச் சொல்லும் விவரம் இடத்தை அடைத்துக்கொண்டு, "13 ஆட்டம் வரை சமநிலை" என்ற அதன் விளைவைத் தள்ளிவிட்டது. எந்த வியாழக்கிழமை என்று தெரியவில்லை. "அவர்" இரண்டு பேரையும் குறிக்கிறது. கடைசி வாக்கியம் செய்தியில் இல்லை.

ஐந்தாவது குறை எளிதில் கண்ணுக்குப் படாது. "பிளவுபடாத உலகப் பட்டம்" என்பதில் உள்ள அடைமொழியை மாணவர் அழகுக்குப் போட்ட சொல்லாக நினைத்து நீக்கிவிட்டார். 1993 முதல் 2006 வரை உலக செஸ் பட்டம் இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்தக் காலத்தில், 2002-இல், உக்ரைனின் ருஸ்லான் பொனமரியோவ் தன் 18-ஆவது வயதில் ஃபிடே என்ற சர்வதேச செஸ் கூட்டமைப்பின் உலகப் பட்டத்தை வென்றார். வயதை நாள் கணக்கில் பார்த்தால் அவர் குகேஷைவிடச் சற்று இளையவர். ஆக, அந்த ஒரு சொல்லை எடுத்தால் வாக்கியமே தவறாகிவிடுகிறது. மாணவருக்கு செஸ் வரலாறு தெரிந்திருக்க வேண்டியதில்லை. வரம்பு கட்டும் சொல்லை நீக்கக் கூடாது என்ற விதி தெரிந்தால் போதும். "ஒருநாள் போட்டிகளில்", "மாநில அளவில்", "இந்த ஆண்டில்", "அரசுப் பள்ளி மாணவர்களில்" போன்றவை எல்லாம் இந்த வகைதான். "பிரம்மாண்டமான", "கோலாகலமான" போன்றவற்றை எடுத்தால் எதுவும் குறையாது. எதை எடுக்கலாம் என்று ஐயம் வந்தால், எடுத்துவிட்டுப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: சொல்லப்பட்ட கூட்டம் பெரிதாகிறதா, சாதனை பெரிதாகிறதா? ஆகிறது என்றால் அந்தச் சொல் இருக்க வேண்டும்.

முறைப்படி எழுதினால் இப்படி வரும்:

"சிங்கப்பூரில் நடைபெற்ற உலக செஸ் சாம்பியன்ஷிப் போட்டியில் சீனாவின் டிங் லிரனை 7.5–6.5 என்ற புள்ளிக்கணக்கில் தோற்கடித்துச் சென்னை வீரர் டி.குகேஷ் பட்டம் வென்றார். 13 ஆட்டங்கள் முடிந்தபோது இருவரும் சமமாக இருந்தனர். 2024 டிசம்பர் 12 அன்று நடந்த கடைசி ஆட்டத்தில் டிங் லிரன் செய்த பிழையே முடிவைத் தீர்மானித்தது. 18 வயதான குகேஷைவிட இளம் வயதில் பிளவுபடாத உலகப் பட்டத்தை வென்றவர் யாருமில்லை. விஸ்வநாதன் ஆனந்துக்கு அடுத்து இப்பட்டம் பெறும் இரண்டாவது இந்தியரும் அவரே."

தேர்வில் "மூன்றில் ஒரு பங்காகச் சுருக்குக" என்று கேட்டால் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாம். மற்றவை தாமாக நிற்கும். எந்த வாக்கியத்தைக் கடைசியில் வைப்பது என்பதற்கும் இதுவே அளவுகோல்.

வாக்கியங்களை இணைப்பது

சுருக்குவதற்குத் தமிழ் தரும் நல்ல கருவி பெயரெச்சம். "குகேஷ் சென்னையைச் சேர்ந்தவர். அவருக்கு 18 வயது. அவர் பட்டம் வென்றார்" என்ற மூன்றும் "சென்னையைச் சேர்ந்த 18 வயதான குகேஷ் பட்டம் வென்றார்" என்று ஒன்றாகிவிடும். வாரத்துக்கு ஒருமுறை இப்படி மூன்று வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்லலாம். அளவு மீறக் கூடாது. ஒரு பெயருக்கு முன்னால் இரண்டு அடைகளுக்கு மேல் வந்தால் படிப்பவர் மூச்சு வாங்குவார்.

வினையெச்சத்தில்தான் விபத்து நேர்கிறது. "போலீஸார் வாகனத்தை நிறுத்திச் சோதனையிட்டு, மதுப்பாட்டில்கள் இருந்ததால் தப்பியோடினார்" என்று மாணவர் எழுதுவார். நிறுத்தியவர்கள் போலீஸார், ஓடியவர் ஓட்டுநர். எழுவாய் மாறும் இடத்தில் வாக்கியத்தை முடித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டும். திருத்தும்போது ஒவ்வொரு வினைக்கும் மேலே "யார்?" என்று எழுதிப் பார்க்கும் பழக்கம் இதைச் சரிசெய்யும்.

பட்டியல்களுக்குத் தொகுப்புச் சொல் போதும். அரிசி, பருப்பு, எண்ணெய், புளி என்றிருந்தால் மளிகைப் பொருள்கள். நெல், வாழை, கரும்பு என்றிருந்தால் பயிர்கள். ஆனால் செய்தியே வாழை சாய்ந்ததைப் பற்றியது என்றால் வாழை என்றுதான் இருக்க வேண்டும்.

யார் சொன்னது என்பதை விடக் கூடாது

இதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். "பயிர்கள் முற்றிலும் நாசமானதாக விவசாயிகள் தெரிவித்தனர்" என்பது சுருங்கும்போது "பயிர்கள் முற்றிலும் நாசமாயின" என்று ஆகிவிடுகிறது. "கனமழைக்கு வாய்ப்புள்ளதாக வானிலை ஆய்வு மையம் தெரிவித்துள்ளது" என்பது "கனமழை பெய்யும்" என்று மாறுகிறது. எல்லாவற்றையும்விட மோசமானது, "திருடியதாகக் கைது செய்யப்பட்டார்" என்பது "திருடியவர் கைது செய்யப்பட்டார்" என்று மாறுவது. கைதானவர் இன்னும் குற்றவாளி ஆகவில்லை. அந்த "ஆக" என்ற சிறு ஒட்டில் ஒருவருடைய மானம் இருக்கிறது. சொல் மிச்சப்படுத்த எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம், இங்கே கூடாது.

அரசு அறிவிப்புச் செய்திகளில் வினையைக் கவனிக்கச் சொல்லுங்கள். அறிவித்தார், அடிக்கல் நாட்டினார், தொடங்கிவைத்தார், திறந்துவைத்தார் என்ற நான்கும் நான்கு வெவ்வேறு கட்டங்கள். மாணவர்கள் நான்கையும் "கட்டிக்கொடுத்தார்" என்று எழுதிவிடுகிறார்கள்.

திருத்துவதும் மதிப்பெண்ணும்

சொல் எண்ணிக்கையை மட்டும் வைத்து மதிப்பிடுவது தமிழுக்குச் சரிவராது. "சென்றுகொண்டிருந்தபோது" என்பதைச் சேர்த்து எழுதினால் ஒரு சொல், பிரித்து எழுதினால் மூன்று. இதைக் கண்டுபிடித்துவிடும் மாணவர்கள் சேர்த்து எழுதியே கணக்கைக் குறைத்துவிடுவார்கள். சொல் வரம்போடு வாக்கிய வரம்பையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

10 மதிப்பெண் என்றால் இப்படிப் பிரிக்கலாம்: முதன்மைச் செய்தி முதல் வாக்கியத்தில் இருப்பதற்கு 3, பெயர், எண், தேதி, "யார் சொன்னது" ஆகியவற்றின் துல்லியத்துக்கு 3, சொந்த வாக்கியத்துக்கு 2, அளவுக்கு 1, எழுத்துப் பிழையின்மைக்கு 1. செய்தியில் இருந்தபடியே தொடர்ந்து ஆறு சொற்கள் வந்தால் சொந்த வாக்கியத்துக்கான மதிப்பெண் குறையும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெயர்களும் போட்டியின் பெயர் போன்றவையும் இதில் சேராது.

கடைசியில் வரும் அறிவுரை வாக்கியத்துக்கு மாணவரைக் கடிந்துகொள்ள வேண்டாம். கட்டுரைக்கு முடிவுரை எழுதச் சொல்லி நாம் பழக்கியதால் வந்தது அது. "இந்த வாக்கியம் செய்தியில் எந்த வரியில் இருக்கிறது, விரலால் தொட்டுக் காட்டு" என்று கேட்டால் போதும், அடுத்த முறை வராது. திருந்தாப் படியையும் திருந்திய படியையும் ஒரே நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்களில் எழுதவையுங்கள். என்ன மாறியது என்பது மாணவருக்கே தெரியும்.

முதல் மூன்று செய்திகளைக் கரும்பலகையில் வகுப்பு முழுதும் சேர்ந்து எழுதலாம், அடுத்த மூன்றை இருவர் இருவராக, அதன்பிறகு தனித்தனியாக. தனியாக எழுதத் தொடங்கியதும் ஒரே நிகழ்வைப் பற்றி இரண்டு நாளிதழ்களில் வந்த செய்திகளைக் கொடுத்து ஒரே பத்தியாகச் சுருக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஏதாவது ஓர் எண் ஒத்துப்போகாது: ஒன்றில் காயமடைந்தவர்கள் ஏழு பேர், மற்றொன்றில் ஒன்பது பேர். எதை எழுதுவது என்று மாணவர்கள் கேட்பார்கள். இரண்டையும், எந்த நாளிதழ் எதைச் சொல்கிறது என்று குறிப்பிட்டு எழுதச் சொல்லுங்கள்.